வரிசை எண் எதன் வயதைச் சொல்கிறது? சொகுசுக் கைக்கடிகாரங்களின் ஆண்டைக் கணிப்பது பற்றி

பழைய சொகுசுக் கைக்கடிகாரம் ஒன்றை வாங்கவோ விற்கவோ முனைகிறவர் முதலில் கேட்பது, அது எந்த ஆண்டு செய்யப்பட்டது என்பதைத்தான். கடிகாரத்தில் பொறித்திருக்கும் எண்ணை இணையத்தில் கிடைக்கும் ஓர் அட்டவணையோடு ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது பாதி உண்மை. எண்ணும் உண்டு, அட்டவணையும் உண்டு. ஆனால் அந்த எண் கடிகாரத்தின் எந்தப் பாகத்தில் அடிக்கப்பட்டது, தொழிற்சாலையின் எந்தக் கட்டத்தில் அடிக்கப்பட்டது, அட்டவணையைத் தொகுத்தவர் யார் என்ற மூன்றும் தெரியாமல் ஓர் ஆண்டை அறுதியிட்டுச் சொல்லிவிட முடியாது. பெரும்பாலான நிறுவனங்களில் வரிசை எண் என்பது கேஸ் (வெளிக்கூடு) அல்லது மூவ்மென்ட் (உள்ளே இயங்கும் பொறி) என்ற ஒரே ஒரு பாகத்தின் அடையாளம். முழுக் கடிகாரத்துக்கும் பிறந்த தேதி எழுதிவைத்த நிறுவனங்கள் மிகக் குறைவு.

முதலில் இரண்டு எண்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ரெஃபரன்ஸ் எண் என்பது மாடலின் பெயர். ஒரே வடிவத்தில், ஒரே உலோகத்தில் செய்யப்பட்ட ஆயிரக்கணக்கான கடிகாரங்களுக்கும் அது பொதுவானது. வரிசை எண் தனிப்பட்ட ஒரு கடிகாரத்துக்கு, இன்னும் கறாராகச் சொன்னால் அதன் ஒரு பாகத்துக்கு, உரியது. ரெஃபரன்ஸ் எண்ணை வைத்து அந்த மாடல் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை செய்யப்பட்டது என்பதை அறியலாம், அதற்குள் எந்த ஆண்டு என்பதை வரிசை எண்ணைக் கொண்டுதான் நெருங்க முடியும். விற்பனை விளம்பரங்களில் இந்த இரண்டையும் குழப்பி, மாடல் அறிமுகமான ஆண்டையே கடிகாரம் செய்யப்பட்ட ஆண்டாகப் போட்டுவிடும் வழக்கம் மிகச் சாதாரணம். ஒரு மாடல் 15 ஆண்டுகள் ஓடியிருந்தால் அந்தக் குழப்பம் விலையில் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். ஆரம்ப கால டயல்களுக்கும் முட்களுக்கும் சேகரிப்பாளர்கள் தனி விலை கொடுக்கிறார்கள்.

ரோலெக்ஸை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனெனில் அட்டவணைகளில் மிக அதிகமாகப் புரட்டப்படுவது அதுதான். ரோலெக்ஸின் வரிசை எண் கேஸில் இருக்கிறது. பல பத்தாண்டுகளாக அது உலோகப் பட்டையான பிரேஸ்லெட்டைப் பிடிக்கும் கொம்புகளுக்கு நடுவே, டயலின் 6 மணிப் பக்கத்தில் பொறிக்கப்பட்டு வந்தது. எதிர்ப்புறமான 12 மணிப் பக்கத்தில் ரெஃபரன்ஸ் எண் இருக்கும். பிரேஸ்லெட்டைக் கழற்றாமல் இரண்டையும் பார்க்க முடியாது. 2005 வாக்கில் கண்ணாடிக்கும் டயலுக்கும் இடைப்பட்ட உள்வளையத்தில், அதே 6 மணி இடத்தில், வரிசை எண்ணைப் பொறிக்கத் தொடங்கினார்கள். சில ஆண்டுகள் இரண்டு இடத்திலும் எண் இருந்தது, பிறகு கொம்புகளுக்கு நடுவே பொறிப்பது கைவிடப்பட்டது.

எண்கள் 1920களின் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழத் தொடர்ச்சியாக ஓடுகின்றன. 1950களின் முற்பகுதியில் அவை 9,99,999-ஐ எட்டியபோது நிறுவனம் ஏழாவது இலக்கத்துக்குப் போகாமல் எண்களைச் சிறிய தொகையிலிருந்து மறுபடி தொடங்கியது. இந்த ஒரு முடிவு இன்றுவரை குழப்பத்தை விதைத்துவருகிறது. வரிசை எண் 3 லட்சத்தைச் சுற்றியுள்ள ஒரு ரோலெக்ஸ் 1940களின் நடுப்பகுதியைச் சேர்ந்ததாகவும் இருக்கலாம், 1950களின் இறுதியைச் சேர்ந்ததாகவும் இருக்கலாம். எண் மட்டும் அந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொடுக்காது. பின்மூடியைத் திறந்து மூவ்மென்டைப் பார்த்தால்தான் தெளிவு வரும். உள்ளே இருப்பது 1950-ல் அறிமுகமான கேலிபர் 1030 (கேலிபர் என்பது மூவ்மென்டின் வகை) என்றால் 1940கள் என்ற வாதம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

அந்தக் குழப்பத்துக்கு நிறுவனமே ஓர் உதவியையும் செய்து வைத்தது. 1950களின் முற்பகுதியிலிருந்து 1970களின் தொடக்கம் வரை செய்யப்பட்ட பல ரோலெக்ஸ் பின்மூடிகளின் உட்புறத்தில் ரோம எண் ஒன்றும் இரண்டு இலக்க ஆண்டும் அடிக்கப்பட்டிருக்கும். ரோம எண் மூன்றும் அதையடுத்து 66-உம் இருந்தால், அந்த மூடி 1966-ன் மூன்றாம் காலாண்டில் செய்யப்பட்டது என்று பொருள். இது உண்மையான ஆண்டுக் குறியீடு. இதைப் படிக்க அட்டவணை தேவையில்லை. இருந்தாலும் இதுவும் மூடியின் தேதிதான். மூடி ஒரு பெட்டியில் கிடந்து அடுத்த ஆண்டு ஒரு கேஸின் மேல் ஏறியிருக்கலாம். 1966-ன் இறுதியில் அடித்த மூடி 1967-க்குரிய கேஸ் எண்ணோடு சேர்ந்திருப்பதில் ஐயப்பட எதுவும் இல்லை. ஐந்தாண்டு இடைவெளி இருந்தால்தான் கேள்வி எழுப்ப வேண்டும்.

1960களின் முற்பகுதியில் ஏழு இலக்கம் வந்தது. 1987-ல் 99,99,999-ஐ நெருங்கியதும் முன்னே ஓர் ஆங்கில எழுத்தைச் சேர்த்து ஆறு இலக்கத்துக்கு மாறினார்கள். முதலில் ஆர், பிறகு எல், ஈ, எக்ஸ் என்று வந்த எழுத்துகள் நிறுவனத்தின் பெயரையே எழுத்துக்கூட்டிச் சொல்கின்றன. பூஜ்யத்தோடு குழம்பும் என்பதால் ஓ மட்டும் விடப்பட்டிருக்கிறது. அதற்குப் பின் வந்த என், சி, எஸ், டபிள்யூ, டி (T), யூ, ஏ, பி (P), கே, ஒய், எஃப், டி (D), இசட், எம், வி, ஜி என்ற வரிசை அகர வரிசையும் அல்ல, ஆண்டு வரிசையும் அல்ல. ஓர் எழுத்து ஓர் ஆண்டின் குறியீடு என்று கொள்வது இங்கே நிகழும் பெரிய தவறு. எழுத்து என்பது ஒரு தொகுதியின் தலைப்பு மட்டுமே. ஒரு தொகுதியின் 10 லட்சம் எண்கள் தீர்ந்ததும் அடுத்த எழுத்து வரும், அது ஜனவரியிலும் நிகழலாம், ஆகஸ்டிலும் நிகழலாம். ஆகையால் ஈ என்றால் 1990 வாக்கு, கே என்றால் 2001 வாக்கு என்று சொல்லலாமே தவிர, அதற்கு மேல் துல்லியத்தை அந்த எழுத்திடம் எதிர்பார்க்கக் கூடாது.

இந்த அட்டவணைகளை ரோலெக்ஸ் வெளியிடவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. விற்பனை ரசீதுகள், உத்தரவாதச் சீட்டுகள், மூடியின் உள்முத்திரைகள் ஆகியவற்றை ஒப்பிட்டுச் சேகரிப்பாளர்களும் வியாபாரிகளும் பல ஆண்டுகளாகத் தொகுத்தவை இவை. அவர்கள் செய்தது மதிக்கத்தக்க உழைப்பு. ஆனால் ரசீதில் இருப்பது விற்ற தேதி, மூடியில் இருப்பது மூடி செய்த தேதி, எண்ணில் இருப்பது கேஸின் வரிசை. மூன்று வெவ்வேறு தேதிகளை ஒன்றாகப் பாவித்துத் தொகுத்த அட்டவணைகள் தமக்குள் ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு முரண்படுவது இயல்பே. ஒரே எண்ணுக்கு ஓர் அட்டவணை 1978 என்றும் மற்றொன்று 1979 என்றும் சொன்னால் எது சரி என்று சண்டையிடுவதில் பயனில்லை. பொறுப்புள்ள ஏல நிறுவனங்கள் ‘சுமார் 1978’ என்றுதான் எழுதுகின்றன, அதுவே நேர்மையான வடிவம்.

ரோலெக்ஸ் பிரேஸ்லெட்டுகளுக்குத் தனிக் குறியீடு உண்டு. பழைய கிளாஸ்புகளில் (பிரேஸ்லெட்டைப் பூட்டும் கொக்கிகளில்) காலாண்டு எண்ணும் ஆண்டும் இருக்கும். 1976-லிருந்து எழுத்து முறை வந்தது: ஏ என்றால் 1976, பி (B) என்றால் 1977, இப்படி ஆண்டுக்கு ஓர் எழுத்து. கேஸின் எழுத்துத் தொகுதியையும் கிளாஸ்பின் எழுத்தையும் ஒரே பட்டியலில் தேடிக் குழம்புகிறவர்கள் பலர். இரண்டும் வேறு முறைகள். மேலும் பிரேஸ்லெட் என்பது எளிதில் மாற்றப்படும் பாகம். 1968-ஆம் ஆண்டுக் கேஸில் 1980-க்குரிய பிரேஸ்லெட் இருந்தால், சொந்தக்காரர் தேய்ந்த பிரேஸ்லெட்டை மாற்றியிருக்கிறார் என்பதுதான் பெரும்பாலும் உண்மையாக இருக்கும். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் விற்பவர் அதை ‘அசல் பிரேஸ்லெட்’ என்று சொன்னால், கிளாஸ்பின் அந்த ஓர் எழுத்து அவரை மறுத்துவிடும்.

ஒமேகாவில் நிலைமை தலைகீழ். பழைய ஒமேகாக்களின் வரிசை எண் மூவ்மென்டில் இருக்கிறது, கேஸில் அல்ல. நிறுவனத்துக்கே பெயர் தந்த 19 லிக்னே (மூவ்மென்டின் அளவைச் சொல்லும் பழைய அலகு) மூவ்மென்ட் 1894-ல் வந்தபோது எண்கள் 10 லட்சத்தைச் சுற்றித் தொடங்கின, 1940களின் நடுப்பகுதியில் ஒரு கோடியைத் தொட்டன, 1960களின் இறுதியில் 2.5 கோடியைத் தாண்டி மூன்று கோடியை நோக்கிச் சென்றன. ஆனால் இந்த ஓட்டம் நேர்கோடு அல்ல. ஒவ்வொரு கேலிபருக்கும் எண்களை மொத்தமாக முன்கூட்டியே ஒதுக்கி வைப்பது வழக்கமாக இருந்ததால், பெரிய எண் கொண்ட மூவ்மென்ட் சிறிய எண் கொண்டதற்கு முன்பே தொழிற்சாலையை விட்டு வெளியேறியிருக்கலாம்.

ஒமேகாவின் ஸ்பீட்மாஸ்டர் 145.022-69 என்ற மாடலை அருகில் வைத்துப் பார்த்தால் இந்தச் சிக்கல் முழுவதும் தெரிந்துவிடும். பின்மூடியைத் திருகித் திறந்து உட்புறத்தைப் பார்த்தால் நிறுவனத்தின் முத்திரைக்குக் கீழே 145.022 என்றும், ஒரு கோட்டுக்குப் பின் 69 என்றும் இருக்கும். 1969 என்றதும் எவருக்கும் மனம் சந்திரனுக்குத்தான் போகும், விற்பவருக்கும் அதுவே வசதி. ஆனால் 69 என்பது அந்தக் கேஸ் வடிவத்தின் தலைமுறையைக் குறிக்கும் பின்னொட்டு. அடுத்த பின்னொட்டாகிய 71 வரும் வரையிலும், அதன் பிறகு கையிருப்பு தீரும் வரையிலும், அதே முத்திரையுள்ள மூடிகள் பயன்பட்டன. அதே மூடியின் வெளிப்புறத்தில், சந்திரனில் அணியப்பட்ட முதல் கடிகாரம் என்ற வாசகம் நேர்கோட்டு எழுத்தில் இருந்தால், 1969 ஜூலையில் நிகழ்ந்த அப்போலோ 11 பயணத்துக்குப் பிறகு பொறிக்கப்பட்டது என்பது வெளிப்படை. இனி மூவ்மென்டைப் பார்க்க வேண்டும். 1968-லேயே கேலிபர் 321-இன் இடத்தை 861 பிடித்துவிட்டதால், இந்த மூடிக்கு அடியில் 321 இருந்தால் இரண்டில் ஒன்று பிறகு மாற்றப்பட்டிருக்கிறது. 861 இருந்து, அதன் எண் 1970-ஐயோ 1971-ஐயோ சுட்டினால், அந்தக் கடிகாரத்தின் வயதுக்கு மூடியில் உள்ள 69-ஐ விட மூவ்மென்டின் எண்ணே தகுந்த சாட்சி.

கேஸ் எண் இல்லாததால் ஏற்படும் விளைவு ஒன்று உண்டு. நல்ல நிலையில் உள்ள மூவ்மென்டை வேறொரு கேஸில் ஏற்றிவிட்டால், ஒமேகாவின் எண் அதைக் காட்டிக்கொடுக்காது. ரோலெக்ஸில் கேஸ் எண் சரியாக இருக்க, உள்ளே மூவ்மென்ட் மாறியிருக்கலாம். எண் எந்தப் பாகத்தில் இருக்கிறதோ அந்தப் பாகத்துக்கு மட்டுமே அது சாட்சி சொல்கிறது.

இந்த இடைவெளியை அடைக்கக்கூடியது நிறுவனத்தின் பதிவேடு ஒன்றுதான். பதேக் ஃபிலிப் தன் கடிகாரங்களுக்கு மூவ்மென்ட் எண், கேஸ் எண் என்று இரண்டைத் தனித்தனியே தருகிறது, இரண்டும் ஜெனீவாவில் உள்ள பதிவேட்டில் ஒன்றோடொன்று இணைத்து எழுதப்பட்டிருக்கின்றன. ஆவணச் சான்று கோருகிறவர் இரண்டு எண்களையும் தர வேண்டும். சான்றில் மாடல், கேஸின் உலோகம் ஆகியவற்றோடு இரண்டு தேதிகள் வரும்: செய்து முடித்த தேதி ஒன்று, விற்ற தேதி மற்றொன்று. இரண்டுக்கும் இடையே சில மாதங்களும் இருக்கலாம், சில ஆண்டுகளும் இருக்கலாம். சிக்கலான, விலையுயர்ந்த கடிகாரங்கள் வாங்குவார் இல்லாமல் பல ஆண்டுகள் காத்திருந்ததை இந்தச் சான்றுகள் வாயிலாகத்தான் இன்று அறிகிறோம். ‘எந்த ஆண்டுக் கடிகாரம்’ என்ற கேள்விக்குப் பதேக்கின் பதிவேடே இரண்டு விடைகள் தருகிறது என்றால், ஒரே விடையை வலியுறுத்தும் அட்டவணைகளை எவ்வளவு தூரம் நம்புவது என்பது விளங்கும்.

லோஞ்சினின் பதிவேடுகள் 1867-லிருந்து தொடங்குகின்றன. சான்-இமியேயில் தொழிற்சாலை நிறுவப்பட்ட ஆண்டு அது. கைப்பட எழுதிய பேரேடுகளில் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே கேலிபர், கேஸ், எந்த முகவருக்கு எந்த நாளில் அனுப்பப்பட்டது என்ற விவரம் இருக்கும். ஷாஃப்ஹவுசனின் ஐடபிள்யூசியிடம் 1885 முதலான பதிவுகள் உண்டு. வாஷரோன் கான்ஸ்டான்டினும் பழைய பேரேடுகளைப் பாதுகாக்கிறது. ரோலெக்ஸ் இத்தகைய சான்றை வெளியாருக்கு வழங்குவதில்லை, அந்த வெற்றிடத்தில்தான் அட்டவணைகள் செழித்தன.

ஆனால் ஆவணச் சான்று பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. அந்த எண்ணோடு ஒரு கடிகாரம் ஒரு காலத்தில் வெளியே போனது என்பதை மட்டுமே அது உறுதிசெய்கிறது. இப்போது கையில் இருக்கும் கடிகாரம் அதுதானா என்பதை, கடிகாரத்தைப் பாராமல் எழுதப்பட்ட ஒரு சான்று எப்படிச் சொல்ல முடியும்? 2021 நவம்பரில் ஜெனீவாவில் ஃபிலிப்ஸ் ஏல நிறுவனம் விற்ற ஒரு ஸ்பீட்மாஸ்டர் இதற்கு மறக்க முடியாத உதாரணம். 1957-ஐச் சேர்ந்த சிகே 2915-1 என்ற முதல் தலைமுறை மாடல் என்று விவரிக்கப்பட்ட, பழுப்பேறிய டயல் கொண்ட அந்தக் கடிகாரம் 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் ஏலம் போனது. வாங்கியது ஒமேகாவே, தன் அருங்காட்சியகத்துக்காக. 2023-ல், அது வெவ்வேறு கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டியது என்றும், அதன் பின்னணியில் தன் முன்னாள் ஊழியர்கள் இருந்தார்கள் என்றும் ஒமேகாவே அறிவித்தது. இதில் கவனிக்க வேண்டியது, பாகங்களில் பல உண்மையான ஒமேகா பாகங்கள் என்பதுதான். தனித்தனியே ஒவ்வொன்றும் சோதனையில் தேறக்கூடிய பாகங்கள், ஒன்றாகச் சேர்ந்தபோது பொய் சொல்லின. எண்ணை மட்டும் பார்க்கிறவருக்கு இந்த வகை ஏமாற்று கண்ணில் படவே படாது.

அப்படியானால் எண்ணோடு சேர்த்து எதைப் பார்ப்பது? டயலின் அடிவிளிம்பில் உள்ள மிகச் சிறிய எழுத்துகள் நல்ல சாட்சி. இருளில் ஒளிரும் பூச்சுக்கு ட்ரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் பயன்பட்ட காலத்தில், சுவிஸ் என்ற சொல்லோடு டி (T) என்ற எழுத்தும் அங்கே அச்சிடப்பட்டது. ரோலெக்ஸ் 1990களின் பிற்பகுதியில் ட்ரிட்டியத்தைக் கைவிட்டது. அதையடுத்த ஓரிரு ஆண்டுகள் டயலில் சுவிஸ் என்ற ஒரு சொல் மட்டுமே இருந்தது, பிறகு சுவிஸ் மேட் என்ற வாசகம் வந்தது. இனி ஈ தொகுதி எண் கொண்ட, அதாவது 1990 வாக்கில் செய்த ஒரு கடிகாரத்தின் ஒளிரும் பூச்சுள்ள டயலில் டி இல்லாமல் சுவிஸ் மேட் என்று மட்டும் இருந்தால், சர்வீஸின்போது டயல் மாற்றப்பட்டிருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். ஏ தொகுதியில், அதாவது 1998–99 வாக்கில், வெறும் சுவிஸ் என்று இருந்தால் எண்ணும் டயலும் ஒத்துப்போகின்றன. எந்த அட்டவணையையும் விட இந்த ஒத்துப்போதலுக்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன், ஏனெனில் இங்கே தனித்தனி இடங்களில் செய்யப்பட்ட இரண்டு பாகங்கள் ஒரே காலத்தைச் சொல்கின்றன.

தங்கக் கேஸ் என்றால் உலோக முத்திரைகளும் பேசும். சுவிட்சர்லாந்தில் 1880-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 18 காரட் தங்கத்துக்கு ஹெல்வெட்டியா என்னும் பெண்ணின் தலையும், 14 காரட்டுக்கு அணிலும் முத்திரையாக இருந்தன. 1995-ல் எல்லா உயர் உலோகங்களுக்கும் செயின்ட் பெர்னார்ட் நாயின் தலை பொது முத்திரையானது. 1980-ஆம் ஆண்டுக் கடிகாரம் என்று சொல்லப்படும் ஒன்றின் கேஸில் நாயின் தலை இருந்தால் அந்தக் கேஸ் 1980-ஐச் சேர்ந்ததல்ல. பிரிட்டனுக்கு இறக்குமதியான தங்க, வெள்ளிக் கேஸ்களுக்கு 1907 முதல் அந்நாட்டு முத்திரைச் சாலைகளில் சோதனை கட்டாயமாயிற்று. அங்கே அடிக்கப்பட்ட தேதி எழுத்து, எண்ணே இல்லாத பழைய கடிகாரங்களுக்குக்கூட ஆண்டைத் தந்துவிடுகிறது.

உண்மையான ஆண்டுக் குறியீடுகளுக்கு இனி வருவோம். புலோவா 1950-லிருந்து ஓர் எழுத்தும் ஓர் இலக்கமும் கொண்ட முறையைக் கையாண்டது. எல் என்றால் 1950கள், எம் 1960கள், என் 1970கள், பி (P) 1980கள், அடுத்த இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம். எம்9 என்றால் 1969. இவ்வளவு தெளிவாகத் தன் வயதைச் சொல்லும் கடிகாரங்கள் அரிது.

செய்கோவும் கிராண்ட் செய்கோவும் கையாளும் முறை இதைவிடச் சுவையானது. பின்மூடியில் உள்ள ஆறு குறிகளில் முதலாவது ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். ஜனவரி முதல் செப்டம்பர் வரை 1 முதல் 9, அக்டோபருக்குப் பூஜ்யம், நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி. எஞ்சிய நான்கும் அந்த மாதத்துக்குரிய வரிசை. மாதம் வரை துல்லியமாகச் சொல்லும் இந்த முறை, பத்தாண்டைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. அதை வாசிப்பவரே கண்டுபிடிக்க வேண்டும். ஸ்பிரிங் டிரைவ் வகையின் 9ஆர்65 கேலிபர் கொண்ட ஒரு கிராண்ட் செய்கோவின் மூடியில் முதல் குறி 3, இரண்டாவது 5 என்று வைத்துக்கொள்வோம். மே மாதம் என்பது உறுதி. ஆண்டு 2003, 2013, 2023 என்ற மூன்றில் ஒன்று. அந்தக் கேலிபர் 2004-ல்தான் கிராண்ட் செய்கோவில் வந்தது, ஆகவே 2003 விலகிவிடுகிறது. 2017-ல் கிராண்ட் செய்கோ தனிப் பிராண்டாக அறிவிக்கப்பட்டபோது, 12 மணிக்குக் கீழே இருந்த செய்கோ என்ற பெயர் நீக்கப்பட்டு, அந்த இடத்துக்குக் கிராண்ட் செய்கோவின் சின்னம் ஏறியது. நம் கையிலிருக்கும் கடிகாரத்தின் டயலில் அங்கே செய்கோ என்று இருந்தால் அது 2013 மே. மூன்று துண்டுத் தகவல்கள், ஒரு மாதம் வரை துல்லியமான விடை. அட்டவணையைத் தொடவே தேவையில்லை.

ஓடுமாஸ் பிகேயின் ராயல் ஓக் 5402, இதற்கு எதிர்த்திசையில் நிற்கிறது. 1972-ல் வந்த அந்த மாடலின் முதல் தொகுதிக்கு ஏ என்ற எழுத்தோடு எண்கள் கொடுக்கப்பட்டன. இரண்டாயிரம் எண்கள் ஓடியபின் பி, சி, டி தொகுதிகள் வந்தன. ஏ எழுத்தைப் பார்த்ததும் 1972 என்று எழுதுவது இங்கும் வழக்கம், இங்கும் தவறு. அந்த இரண்டாயிரமும் ஒரே ஆண்டில் செய்யப்பட்டவை அல்ல.

எண்ணை வாசிப்பதற்கு முன் அது பொறிக்கப்பட்ட விதத்தையும் பார்க்க வேண்டும். பழைய ரோலெக்ஸில் பிரேஸ்லெட்டின் கடைசிக் கண்ணி எண்ணுக்கு மேல் உரசிக்கொண்டே இருந்திருக்கும். வியர்வையும் உப்பும் தேங்கும் இடமும் அதுவே. ஆகவே இலக்கங்களின் ஒரு பகுதி மங்கியிருப்பதும், சுற்றிலும் அரிப்புக் குழிகள் இருப்பதும் வயதுக்கு இயல்பு. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்து, ஒளியைப் பக்கவாட்டில் இருந்து விழச் செய்தால், அசலான பொறிப்பின் கோடுகள் கூர்மையான விளிம்போடு ஒளியைத் திருப்பும். அமிலத்தால் அரித்து எழுதிய போலி இலக்கங்களின் அடிப்பகுதி மணல் தூவியதுபோல் சொரசொரப்பாகவும் ஆழமற்றும் தெரியும். கேஸின் மற்ற இடங்கள் எல்லாம் தேய்ந்து வளைந்திருக்க, எண் மட்டும் நேற்று அடித்ததுபோல் நின்றால் அந்த எண் பிறகு வந்தது. எண் இருக்க வேண்டிய இடம் வழவழப்பாக, சுற்றுப்புறத்தைவிடச் சற்றே பள்ளமாக இருந்தால், யாரோ எதையோ அழித்திருக்கிறார்கள். எண் அழிக்கப்பட்ட கடிகாரத்தை எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்காமல் விடுவதே நல்லது. திருட்டுப் பொருள் என்று பின்னால் தெரியவந்தால், அதை மீட்டுக்கொடுக்க நேரிடுவது வாங்கியவருக்குத்தான்.

திருட்டைப் பொறுத்தவரை வரிசை எண்ணின் பயன் ஆண்டைச் சொல்வதைவிடப் பெரியது. லண்டனில் இயங்கும் வாட்ச் ரெஜிஸ்டர், ரிஷ்மோன்ட் குழுமம் 2023-ல் தொடங்கிய என்க்வைரஸ் போன்ற தரவுத்தளங்கள் காணாமல்போன கடிகாரங்களின் எண்களைப் பதிந்து வைக்கின்றன. வாங்குமுன் அங்கே தேடிப் பார்ப்பதற்கு ஒரு சில நிமிடங்கள் போதும். தன் கடிகாரத்தின் எண்ணை எழுதிவைக்காதவருக்கு, அது களவு போனபின் அங்கே பதிவதற்கு எதுவும் இருக்காது. அதே சமயம், முழு எண்ணும் தெரியும்படி படம் எடுத்துப் பொதுவில் போடுவதும் சரியல்ல. போலிகள் செய்வோருக்கு வேண்டியது உண்மையில் இருக்கும் ஓர் எண். அது கிடைத்தால் அதையே நூற்றுக்கணக்கான கேஸ்களில் பொறித்துவிடுவார்கள். கடைசி இரண்டு, மூன்று இலக்கங்களை மறைத்துக் காட்டும் வழக்கம் இதனால்தான் வந்தது.

2010-லிருந்து ரோலெக்ஸ் தொடர் எண் முறையையே கைவிட்டு, எழுத்தும் இலக்கமும் எவ்வித ஒழுங்குமின்றிக் கலந்த எட்டுக் குறிகளுக்கு மாறிவிட்டது. கிளாஸ்பின் குறியீடும் ஏறக்குறைய அதே காலத்தில் வெளியாரால் படிக்க முடியாததாயிற்று. பழைய கையிருப்பைப் புதியதைப் போலவே விற்க வேண்டிய வியாபாரத்துக்கு இது வசதி, ஆண்டைத் தேடுகிறவருக்கு இழப்பு. இந்தக் கடிகாரங்களில் எந்த எண்ணும் ஆண்டைத் தருவதில்லை. கையில் எஞ்சுவது உத்தரவாத அட்டையில் உள்ள தேதி மட்டுமே. அது விற்ற தேதி, செய்த தேதி அல்ல. அட்டை தொலைந்த 2012-ஆம் ஆண்டுக் கடிகாரத்துக்கும் 2018-ஆம் ஆண்டுக் கடிகாரத்துக்கும், ஒரே ரெஃபரன்ஸில், வெளியிலிருந்து வேறுபாடு சொல்வது பல சமயங்களில் இயலாது. எனவே அட்டையின் படத்தையும், வளையத்தில் உள்ள எட்டுக் குறிகளையும், ஒவ்வொரு சர்வீஸ் ரசீதையும் கடிகாரத்திலிருந்து தனியே பத்திரப்படுத்தி வைப்பது இந்தத் தலைமுறைக் கடிகாரங்களுக்கு மிகவும் அவசியம். சர்வீஸ் மையங்கள் ரசீதில் வரிசை எண்ணையும் தேதியையும் சேர்த்தே எழுதுகின்றன. அந்த நாளில் அந்தக் கடிகாரம் இருந்தது, இன்ன பாகம் மாற்றப்பட்டது என்பதற்கு வேறு சாட்சி கிடைக்காது.